கட்சிக்காரர் நாற்காலியிலிருந்து: போட்டிக்காலக் குறிப்புகள்

ஜனவரி 6, செவ்வாய்

சட்ட மாணவர்கள் நீதிமன்றம் போலவே வாதாடும் மூட் கோர்ட் போட்டி அணிக்கு இந்த முறை பெயர் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை, சமரசம், கட்சிக்காரர் (வக்கீலை நாடி வருபவர்) ஆலோசனை ஆகிய மூன்று போட்டிகளுக்குத்தான் போகிறேன். "வாதமே இல்லாத போட்டியில என்ன இருக்கு?" என்று ஒரு சீனியர் அக்கா உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூட் கோர்ட்டில் முடிவெடுப்பவர் நீதிபதி, எதிரணி வெறும் எதிரணி. பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். அவரைத் தோற்கடித்துவிட்டு அவரிடமே கையெழுத்து வாங்க முடியாது. கட்சிக்காரர் ஆலோசனையில் நம் முன்னால் இருப்பவர்தான் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர். சட்டம் தெரிந்தவர் நாம், விளைவைச் சுமக்கப் போகிறவர் அவர்.

ஜெசப் என்ற சர்வதேசச் சட்ட மூட் கோர்ட் போட்டி 1960லிருந்து நடக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஆலோசனைப் போட்டியும் நேற்று முளைத்ததல்ல. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த லூயிஸ் எம். பிரவுன் 1960களின் இறுதியிலேயே, சட்ட அலுவலகம் போல ஒரு அறையை அமைத்து மாணவர்களை அதில் உட்கார வைத்து இதைத் தொடங்கினார். வழக்கு முளைப்பதற்கு முன்பே சிக்கலைத் தவிர்க்க உதவுவதும் வக்கீல் தொழில்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர். இன்றைய சர்வதேசப் போட்டிக்கு அவர் பெயரும் அமெரிக்க வழக்கறிஞரும் சமரசருமான ஃபாரஸ்ட் மோஸ்டன் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

ஜனவரி 9, வெள்ளி

ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுக்க கட்சிக்காரர் வேடம் போட ஆள் வேண்டும் என்று எங்களைப் பயிற்றுவிக்கும் மேடம் கேட்டார். நான் ஒத்துக்கொண்டேன். போட்டியில் உட்காரப் போகும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆலோசனைப் போட்டியில் அணிக்கு இரண்டு பேர். முன்கூட்டிக் கிடைப்பது அலுவலக உதவியாளர் எழுதியது போன்ற ஒரு சிறு குறிப்பு மட்டும். இன்றைய குறிப்பில் "வேலையிலிருந்து நீக்கப்பட்டது தொடர்பாக ஆலோசனை வேண்டும்" என்று மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் கட்சிக்காரரின் தலைக்குள். எனக்குக் கொடுத்த ரகசியத் தாளில் மூன்று விஷயங்கள்: பன்னிரண்டு வருட வேலை போனதில் கோபம், அடுத்த மாதம் வேறு இடத்தில் நேர்காணல், கைப்பையில் ஒரு பென் டிரைவ், அதில் மேலாளரின் கணினியிலிருந்து எடுத்த மின்னஞ்சல்கள். கேட்டால் ஒழிய நேர்காணலைப் பற்றிச் சொல்லக்கூடாது. பென் டிரைவை மட்டும் நானே எடுத்து மேஜையில் வைக்க வேண்டும்.

ஜூனியர்கள் இரண்டு பேரும் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். நோட்டீஸ் காலம், இழப்பீடு, எந்த மன்றம், காலவரம்பு என்று நாற்பது நொடிக்கு ஒரு கேள்வி. எல்லாம் சரியான கேள்விகள். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தபோது எனக்குள் என்ன நடந்தது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். நான் நடித்துக்கொண்டிருந்தேன், இருந்தும் ஒவ்வொரு கேள்விக்கும் என் பதில் குறுகிக்கொண்டே போனது. ஆமாம், இல்லை, தெரியாது. கடைசியில் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் நல்லபடியா முடிஞ்சா, ஆறு மாசம் கழிச்சு நீங்க எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். உடனே நேர்காணல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நான் நடித்த அந்தப் பெண்ணுக்கு வழக்கைவிட, தன் பணிக்காலத்தைப் பற்றி முன்னாள் நிறுவனம் தரும் ஒரு நேர்மையான கடிதம்தான் அவசரமாக வேண்டும். அது தெரிந்த நிமிடத்தில் அதுவரை பேசிய சட்டம் முழுவதும் வேறு வரிசைக்கு மாறிவிட்டது.

பென் டிரைவை வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் பிறகு இதைப் பற்றி நிறையப் பேசினார். முதலில் அதை மடிக்கணினியில் செருகக் கூடாது. "இது எப்படி உங்க கைக்கு வந்தது?" என்று குற்றம்சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். அது அவருக்கே ஆபத்தாகத் திரும்பக்கூடும் என்பதை விளக்க வேண்டும். பயத்தில் அதை அழித்துவிடச் சொன்னால் அது இன்னொரு சிக்கல். பேசுவது எல்லாம் ரகசியம் என்று தொடக்கத்திலேயே சொல்லி, அந்த ரகசியத்தின் எல்லையையும் சொல்லியிருந்தால்தான் இந்த இடத்தில் கட்சிக்காரர் வாயைத் திறப்பார்.

ஜனவரி 11, ஞாயிறு

என் இணையோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம். ஆலோசனையில் யார் தொடங்குவது, யார் குறிப்பெடுப்பது, கட்டணத்தைப் பற்றி யார் பேசுவது என்று பிரித்துக்கொண்டோம். குழுவாக வேலை செய்வதற்குத் தனி மதிப்பெண் உண்டு. "நான் பேசும்போது நீ அடுத்த கேள்வியை யோசிக்காத, அவங்க முகத்தைப் பாரு" என்றாள். எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 17, சனி

பேச்சுவார்த்தைப் பயிற்சி. இரு அணிக்கும் ஒரே பொதுத் தகவல், ஒவ்வொரு அணிக்கும் தனித்தனி ரகசியக் குறிப்பு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் நடத்தும் போட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டோம்: 50 நிமிடப் பேச்சு, அணிக்கு ஒரு சிறு இடைவேளை, முடிந்ததும் எதிரணி இல்லாமல் நடுவர்கள் முன்னால் சுய ஆய்வு.

ஒரு பொம்மலாட்டக் குழுவுக்கும் அரங்க உரிமையாளருக்கும் தகராறு. கூரை ஒழுகி மேடை அமைப்புகள் நனைந்துவிட்டன, குழு இழப்பீடு கேட்கிறது, உரிமையாளர் வாடகை பாக்கியைக் கேட்கிறார். நாங்கள் குழுவின் பக்கம். எங்கள் குறிப்பில் இருந்த முக்கியமான வரி, ஒத்திகைக்கு இடமில்லை என்பது. எதிரணிக்கு என்ன எழுதியிருந்தது என்று முடிந்த பிறகுதான் பார்த்தோம்: வார நாள் காலைகளில் அரங்கம் காலி, அது காலியாகக் கிடப்பது வங்கிக் கடனைப் புதுப்பிக்கத் தடையாக இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம். பேச்சில் அங்கே போய்ச் சேர முப்பது நிமிடம் ஆனது. ஏனென்றால் யாரும் தன் தேவையை முதலில் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அதற்கு விலை வைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். "மனம் திறந்து பேசுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எங்களுக்கு உதவியது கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுதான். ஒரு சிறு தகவலைக் கொடுத்தோம், அவர்களும் ஒன்றைக் கொடுக்கிறார்களா என்று பார்த்து அடுத்ததைக் கொடுத்தோம்.

1925இல் அமெரிக்க நிர்வாகவியல் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலட் தன் உரையொன்றில் சொன்ன நூலகச் சம்பவத்தை மேடம் நினைவுபடுத்தினார். ஒருவருக்கு ஜன்னல் திறக்க வேண்டும், ஃபாலட்டுக்கு மூட வேண்டும். பக்கத்து அறையில் யாரும் இல்லை, அங்கிருந்த ஜன்னலைத் திறந்தார்கள். காற்றும் கிடைத்தது, நேராக முகத்தில் அடிக்கவும் இல்லை. இதில் யாரும் பாதி விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னார். ஃபிஷரும் யூரியும் 1981இல் 'கெட்டிங் டு யெஸ்' என்ற பேச்சுவார்த்தை நூலில் நிலைப்பாட்டையும் உள்ளே இருக்கும் தேவையையும் பிரித்து எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பெண்மணி அதைச் சொல்லிவிட்டார். பாடத்திட்டங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக வர வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

இரவு முழுக்க ஒரே கேள்வி. எதிரணி நேருக்கு நேராக, "உங்க கட்சிக்காரர் எவ்வளவு வரைக்கும் இறங்கிவரச் சொல்லியிருக்கார்?" என்று கேட்டால்?

ரகசியக் குறிப்பில் அந்த எண் இருக்கிறது. சொன்னால் கட்சிக்காரருக்குத் துரோகம். அதைவிட உயர்ந்த எண்ணைச் சொல்லி "இதுதான் கடைசி" என்றால் அது பொய்யா?

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 4.1, வழக்குக்கு முக்கியமான உண்மையைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்லக்கூடாது என்கிறது. ஆனால் அதன் விளக்கக் குறிப்பு, ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிய கணிப்பையும், எவ்வளவுக்கு ஒத்துக்கொள்ள எண்ணம் என்று சொல்வதையும் பொதுவாக அந்த வகை உண்மைக்கூற்றாகக் கருதுவதில்லை. அதாவது பேச்சுவார்த்தையில் கொஞ்சம் உயர்த்திப் பேசுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். "கூரை ஒழுகுவது எங்களுக்குத் தெரியாது" என்று தெரிந்தே சொல்வதற்கு இடமில்லை.

என் இணை அந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்கிறாள். எனக்கு மனமில்லை. விதி அனுமதித்தாலும், ஐந்து நிமிடம் கழித்து அந்தக் "கடைசி" எண்ணிலிருந்து இறங்கினால் அடுத்து நான் சொல்லும் எந்தக் கடைசியையும் அவர்கள் நம்பப் போவதில்லை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம்: "அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீங்க. இந்தத் தொகை ஏன் நியாயம்னு சொல்றேன், அதைப் பார்ப்போம்." சொல்ல மறுப்பது பொய் அல்ல. பழுதுபார்க்க ஆன செலவு, ரத்தான காட்சிகள் என்று காரணத்தோடு வரும் எண்ணை ஆராயலாம், வெறும் எண்ணைத் தள்ளத்தான் முடியும்.

இன்னொன்று: போட்டியில் தாளில் இல்லாத, தனக்குச் சாதகமான உண்மையை இட்டுக்கட்டக்கூடாது. "எங்களுக்கு வேறொரு அரங்கம் இலவசமாகக் கிடைக்குது" என்று திடீரென்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை. இந்த விதியை நடுவர்கள் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 28, புதன்

சமரசம். இங்கே ஒருவர் வக்கீல், ஒருவர் கட்சிக்காரர். நான் மறுபடியும் கட்சிக்காரர், இம்முறை போட்டிக்கே.

சமரசர் இரு தரப்பும் தாங்களே ஓர் உடன்பாட்டுக்கு வர உதவும் நடுநிலையாளர், தீர்ப்பு சொல்பவர் அல்ல. இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அறைக்குள் நுழைந்ததும் கண் தானாக அவர் பக்கம் போகிறது, "மாண்புமிகு" வாய் வரை வருகிறது. பயிற்சியில் பார்த்த அணிகளில் பல, எதிர்த்தரப்பின் தவற்றை அவரிடம் நிரூபிக்கவே தொடக்க உரையைச் செலவழித்தன. அவரை நம்பவைத்து என்ன ஆகப் போகிறது? கையெழுத்துப் போட வேண்டியவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

கட்சிக்காரரைப் பேசவிடாத வக்கீல்களும் உண்டு. சட்டத்தை வக்கீல் சொல்லட்டும். நனைந்த பொம்மைகளைத் தானே செதுக்கியதாகச் சொல்ல வேண்டியவர் கட்சிக்காரர். அதை வக்கீல் சொன்னால் அது இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி. அவரே சொன்னபோது எதிரணியில் உரிமையாளராக இருந்தவர் தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

சமரசர் ஒவ்வொரு தரப்போடும் தனியாகப் பேசும் சந்திப்பில், இதை எதிர்த்தரப்பிடம் சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது என்று சமரசரிடம் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டு வர வேண்டும். இதற்கு இன்று தனியாகவே ஒத்திகை பார்த்தோம்.

பாரிஸில் சர்வதேச வணிகச் சபை 2006 முதல் நடத்தும் சமரசப் போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து அணிகள் போகின்றன, தொழில்முறைச் சமரசர்களே சமரசராக உட்காருகிறார்கள். எல்லை தாண்டிய வணிகச் சமரசத்தில் எட்டிய உடன்பாட்டை நீதிமன்றங்கள் மூலம் நிறைவேற்ற வழிசெய்யும் சிங்கப்பூர் உடன்படிக்கையில் 2019 ஆகஸ்ட் 7 அன்று ஒரே நாளில் 46 நாடுகள் கையெழுத்திட்டன. 2020 செப்டம்பர் 12 முதல் அது அமலில் இருக்கிறது. "வாதமே இல்லாத போட்டி" என்று கேட்ட அக்காவுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சுய ஆய்வுக்கான ஒத்திகை. நாளை இதே நிலைமை வந்தால் எதை அப்படியே செய்வீர்கள், எதை மாற்றுவீர்கள். உங்கள் உத்தி, கிடைத்த முடிவோடு எந்த அளவுக்குப் பொருந்தியது? இரண்டே கேள்விகள்தான். மூன்று போட்டிகளிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. வேறு எந்தத் தேர்விலும் எழுதி முடித்த விடையைப் பற்றி நேர்மையாகப் பேசினால் மதிப்பெண் தருவதில்லை. ஆலோசனைப் போட்டியிலும் கட்சிக்காரர் வெளியே போனபின் இரண்டு வக்கீல்களும் நடுவர்கள் முன்னிலையிலேயே, நாம் என்ன கேட்டோம், எது விடுபட்டது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று பேச வேண்டும். அதை மேடைப்பேச்சாக ஆக்கிவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

போட்டி. பேச்சுவார்த்தையில் முதல் சுற்று சுமுகமாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் உடன்பாடே எட்டவில்லை. எதிரணி கடைசியாகக் கொடுக்க முன்வந்தது, பேச்சே இல்லாமல் எங்கள் கட்சிக்காரருக்குக் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவு. எழுந்துவந்தோம். வெளியே வந்ததும் என் இணையின் கை நடுங்கியது. உடன்பாடு இல்லாததாலேயே தோல்வி என்று விதி சொல்லவில்லை, எழுந்துவந்த காரணத்தைச் சுய ஆய்வில் விளக்கினோம், அந்தச் சுற்று எங்களுக்கே வந்தது. மாலையில் அரையிறுதியில் எங்களைவிட நன்றாகக் கேட்டறிந்த ஓர் அணியிடம் தோற்றோம். அவர்கள் கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார்கள், பதில் வரும்வரை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆலோசனை இறுதிச் சுற்று. கட்சிக்காரராக வந்தவர் சட்ட மாணவர் அல்ல, நாடகக் கலைஞர். வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்தது, அவர் எங்களுக்கு வசதியாகப் பேசவில்லை. சகோதரரோடு சேர்ந்து நடத்தும் தொழிலிலிருந்து விலக வேண்டும் என்று வந்திருந்தார். மூன்று வழிகளை எடுத்துவைத்தோம், ஒவ்வொன்றிலும் வரும் லாப நஷ்டத்தைச் சொன்னோம். பணக் கணக்கில் பார்த்தால் இரண்டாவதுதான் நல்லது. அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். குறைவான தொகை, ஆனால் சகோதரர் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வர முடியும்.

என் இணை ஒருமுறை மட்டும், "இதுல உங்களுக்குக் கிடைக்கிறது குறையும், அது தெரிஞ்சுதானே சொல்றீங்க?" என்று கேட்டாள். "தெரியும்மா" என்றார். அதன்பின் அவரை மாற்றப் பார்க்கவில்லை. சகோதரருக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டோம்.

இரண்டாமிடம். நடுவர்களில் ஒருவர், இரண்டாவது வழியை இன்னும் அழுத்தியிருக்கலாம் என்றார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, மரியாதையாக அவரிடமும் சொன்னேன். இன்னொரு நடுவர் எழுதிக் கொடுத்த குறிப்பில், வரி விளைவுகளை நாங்கள் தொடவே இல்லை என்றிருந்தது. அது சரி. வரும் வாரம் ஜூனியர்களோடு உட்காரும்போது அதிலிருந்துதான் தொடங்கப் போகிறோம். நாடகக் குழுவிலிருந்து கட்சிக்காரர்களை அழைத்துவர மேடம் ஒத்துக்கொண்டுவிட்டார்.