கேள்வி கேட்பதற்குக் கூலி

தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளில் ‘கோச்சிங்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. நீட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங், வங்கித் தேர்வு கோச்சிங். இருபத்திரண்டு ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்த பிறகு, 2016இல் அதை விட்டுவிட்டு எக்ஸிகியூட்டிவ் கோச்சாகப் போகிறேன் என்று சொன்னபோது, என் அம்மா கேட்ட முதல் கேள்வி “எந்த சப்ஜெக்ட்டுக்கு?” என்பதுதான். நிறுவனங்களின் மேல்மட்ட அதிகாரிகளுக்கு என்று விளக்கினேன். “அவங்களுக்குத் தெரியாதது என்னத்த நீ சொல்லிக் குடுக்கப் போற?” என்றார். சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, கேள்வி மட்டும் கேட்பேன் என்றேன். கேள்வி கேட்பதற்குக் கூலியா என்று அவர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கூலியைக் கொடுப்பது யார், வெறும் கேள்வி யாருக்குப் போதும் என்ற இரண்டையும் நான் தொழிலில் இறங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

இந்தத் தொழிலின் பெயர் ஹங்கேரியில் உள்ள கோச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டியிலிருந்து வந்தது என்பார்கள். ஆளை ஏற்றிக்கொண்டு போய் ஊர் சேர்க்கும் அந்த வண்டியின் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள், தேர்வில் தேற உதவிய தனி ஆசிரியர்களுக்குக் கேலிப் பெயராக வைத்தார்கள். ஆக, நம் சுவரொட்டிகள்தான் மூலப் பொருளுக்கு நெருக்கமாக இருக்கின்றன. பிறகு அது விளையாட்டுத் திடலுக்குப் போயிற்று. 1970களில் டென்னிஸ் பயிற்சியாளர் திமோதி கால்வே, வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிராளியைவிட, ஆட்டக்காரரின் மனத்துக்குள் உட்கார்ந்து ஓயாமல் குறை சொல்லும் குரல்தான் பெரிய தடை என்று எழுதினார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்தக் கருத்தை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். உங்கள் இலக்கு என்ன, இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு படிகள், 1992இல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாகப் பரவின. 1995இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, இதற்குச் சான்றிதழும் கொடுக்கிறது. முதல் நிலைக்கு 100 மணி நேர அனுபவம் வேண்டும், அடுத்த நிலைக்கு 500, உச்ச நிலைக்கு 2500.

அந்த முதல் 100 மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது வாயை மூடுவதை மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. சான்றிதழ் பெறும் முன் மூத்த கோச் ஒருவர் நம் அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்த வேண்டும் என்பது விதி. என்னுடைய ஓர் அமர்வைக் கேட்டுவிட்டு அவர், “அறுபது நிமிஷத்துல இருபத்தேழு நிமிஷம் நீங்கதான் பேசியிருக்கீங்க. யார் யாருக்குக் காசு கொடுக்கணும்?” என்று கேட்டார். மனிதவள அதிகாரியாக இருந்தவருக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது, சமையல்காரர் அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புப் பார்க்காமல் இருப்பதைப் போன்றது.

கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு ஆறு மாதங்கள் கோச்சாக இருந்தேன். இத்தகைய வேலையில் எப்போதும் மூன்று தரப்பு உண்டு. காசு கொடுப்பது நிறுவனம், எதிரே உட்காருவது அதிகாரி, நடுவில் கோச். எத்தனை அமர்வுகள் நடந்தன, எந்த இலக்கை நோக்கி நடந்தன என்பதை மட்டும் நிறுவனத்திடம் சொல்வேன், அறைக்குள் பேசியது வெளியே போகாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். நிறுவனம் எனக்குக் கொடுத்த இலக்கு, ‘குழுவினரிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது. கூட வேலை செய்பவர்கள், மேலே உள்ளவர்கள், கீழே உள்ளவர்கள் என எல்லோரிடமும் பெயர் குறிப்பிடாமல் கருத்துக் கேட்டுத் தொகுத்த அறிக்கையையும் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவர் சொன்னது, “எல்லாரும் பேசலாம்னுதான் மேடம் நான் சொல்றேன், யாரும் பேச மாட்டேங்கறாங்க” என்பது.

மூன்றாவது அமர்வில் நான் அவரிடம், தினமும் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் உற்பத்திக் கூட்டத்தில் நேற்று அவருக்குப் பிறகு யார் பேசினார்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார். முந்தைய நாள் யார் என்று கேட்டேன். மேசைமேல் இருந்த டீ ஆடை கட்டும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. கடைசியில், “நான் பேசி முடிச்சா கூட்டம் முடிஞ்சிரும் மேடம்” என்றார். அடுத்த நாளிலிருந்து தான் கடைசியாகப் பேசுவது என்ற முடிவும் அவருடையதுதான். நான் அதைச் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

முதல் இரண்டு வாரங்கள் கூட்டத்தில் மௌனம்தான் நிலவியதாம். மூன்றாவது வாரம் வைண்டிங் பிரிவின் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் வாயைத் திறந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சோதனையில் திரும்பி வரும் மோட்டார்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதற்கு அதுவரை அவர்களுடைய கைதான் காரணமாகச் சொல்லப்பட்டு வந்தது. மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் பள்ளத்தில் செம்புக் கம்பிக்கு அடியில் வைக்கும் இன்சுலேஷன் தாள், புதிய சப்ளையரிடமிருந்து வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து மெலிந்துவிட்டது என்றும், கம்பியை அழுத்தி உள்ளே தள்ளும்போது ஓரத்தில் கிழிகிறது என்றும் அவர் சொல்லி, கிழிந்த தாள் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். நான்கு மாதங்களாக அந்தத் தாள் அவருடைய பையில் இருந்திருக்கிறது.

இது வரைக்கும் எந்த நிர்வாகப் பயிற்சி வகுப்பிலும் சொல்லத்தக்க கதைதான்: தலைவர் கேட்கத் தொடங்கினார், தரம் உயர்ந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த மாதம் நடந்தது. தாள் விஷயத்தில் தன் பேச்சு எடுபட்டதைப் பார்த்த அதே பெண், பேருந்து விஷயத்தையும் கூட்டத்தில் எடுத்தார். இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடிகிறது. கம்பெனிப் பேருந்து பெண்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து ஊருக்குள் விளக்கில்லாத பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த ஆண்டு வேலையை விட்ட இரண்டு பெண்களும் வீட்டில் நின்றுவிட்டது இதனால்தான். விலகல் படிவத்தில் இருவரும் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தார்கள். என் மனிதவள வாழ்க்கையில் அப்படி எழுதப்பட்ட எத்தனை படிவங்களைக் கோப்பில் போட்டு மூடியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. பேருந்து ஊருக்குள் போய்த் திரும்பும்படி வழி மாற்றப்பட்டது. கூடுதல் டீசல் செலவுக்குத் தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க அந்த அதிகாரி மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

தலைமைப் பயிற்சியால் சமூகம் மாறும் என்று மேடைகளில் பேசுகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் அந்தப் பேருந்து நானே கண்ட உண்மை. ஒரு பெண்ணின் சம்பளம் நிற்காமல் வீட்டுக்குப் போனதற்கும் ஓர் அதிகாரி கூட்டத்தில் வாயை மூடியிருந்ததற்கும் நேரடித் தொடர்பு இருந்தது. அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலியைப் பற்றியும் அவர் இரண்டு அமர்வுகளில் பேசினார். அது அவர் கையெழுத்துப் போட்டு மாற்றக்கூடியதாக இல்லை. என் கேள்விகள் அவருடைய கையெழுத்து எட்டும் தூரம் வரைதான் போயின. என் ஒரு மணி நேரக் கட்டணம் அந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பத்து நாள் கூலியைவிட அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இதற்கு நேர்மாறான வேலையும் வரும். வேறொரு நிறுவனம், ஒரு பெண் மேலாளருக்கு ‘ஆளுமைத் தோற்றம்’ போதவில்லை, கூட்டங்களில் அழுத்தமாகப் பேசுவதில்லை, அதைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்டது. அவருடைய கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்டுப் போனேன். ஒரு மணி நேரத்தில் அவர் ஏழு முறை பேசத் தொடங்கினார், ஐந்து முறை இடைமறிக்கப்பட்டார். இடைமறித்தவர்களில் இருவர் என்னை அழைத்த அதிகாரிகள். கோச் வேண்டியது உங்களுக்கு என்று நாகரிகமாக எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஓர் அமைப்பின் கோளாறை ஒரு தனி மனிதரின் குறையாக மாற்றி, அதைத் திருத்தக் கட்டணமும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க இந்தத் தொழில் மிக வசதியான கருவி. அதை மறுக்கும் கோச் யாராவது இருந்தால், அவர் இன்னும் போதுமான வேலைகளை வேண்டாம் என்று சொல்லவில்லை என்றே நினைப்பேன்.

2022இல் ஒரு தொண்டு நிறுவனம், ஊராட்சித் தலைவிகள் சிலருக்குக் கட்டணமில்லாமல் கோச்சாக இருக்க முடியுமா என்று கேட்டது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி, 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்ததில் பதவிக்கு வந்தவர்கள் அவர்கள். ஈரோடு மாவட்டத்தில், பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு சிற்றூராட்சியின் தலைவியோடு நான் பேசத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு படித்தவர், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர். முதல் சந்திப்பில் நான் என் நான்கு படிகளை அவர்முன் விரித்தேன். “நீங்க எப்படிப்பட்ட தலைவரா இருக்க ஆசைப்படறீங்க?” என்று கேட்டதும் அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, “நல்ல தலைவரா மேடம்” என்றார். இலக்கு என்ன என்று கேட்டேன், ஊருக்கு நல்லது செய்வது என்றார். அரை மணி நேரம் இப்படியே வாய்மொழித் தேர்வு போல நகர்ந்த பிறகு அவர், “ஏனுங்க மேடம், நீங்க கேள்வியாவே கேக்கறீங்களே, பதிலு எதும் சொல்ல மாட்டீங்களா?” என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது பதில்தான். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அங்கே துணைத் தலைவர் ஊரின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கையெழுத்து என்றால் அவருக்கு வெளியூர் வேலை வந்துவிடும். தெருவிளக்குப் பில், மோட்டார் ரிப்பேர்ப் பில், தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் தேங்கும். ஊர் தலைவியைத் திட்டும். கால்வேயின் டென்னிஸ் ஆட்டக்காரருக்குத் தடை மனத்துக்குள் இருக்கலாம். இவருடைய எதிராளி வலைக்கு அந்தப் பக்கம், சட்டை மடிப்புக் கலையாமல், பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இட ஒதுக்கீடு கொடுத்த நாற்காலியில் உட்கார விடாமல் தடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும், தலைவர் பதவி பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க விடவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல்கூடக் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாளிதழ்களில் வந்தது. இவ்வளவும் எதிரே இருக்கும்போது ஒரு பெண்ணிடம் போய், உங்கள் தன்னம்பிக்கைக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்பது அசட்டுத்தனம் மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. நான் அதைக் கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு வேலையின் முறையை மாற்றினோம். ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பதிவேடுகளையும் ரொக்கப் புத்தகத்தையும் படிக்க நான்கு சனிக்கிழமைகள் தலைவிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தோம். கூடவே நானும் கற்றுக்கொண்டேன். எந்தப் பில் எந்தத் தேதியில் துணைத் தலைவரிடம் போயிற்று, எந்தத் தேதியில் கையெழுத்தில்லாமல் திரும்பியது என்று தலைவி ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதும், அந்த நோட்டின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுதலாம் என்பதும் தெரிந்த பிறகுதான், என் பழைய கேள்விகளுக்கு இடம் வந்தது. எழுதுவதா, எழுதினால் ஊரில் என்ன நடக்கும், யார் பக்கத்தில் நிற்பார்கள் என்பவற்றை அவர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு மாதம் யோசித்து எழுதினார். அடுத்த கிராம சபைக்கு முந்தின வாரம் ஏழு காசோலைகளில் கையெழுத்து வந்தது. துணைத் தலைவர் அதற்குப் பிறகும் அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசினார்.

கம்பெனிகளில் சமூகப் பொறுப்பு நிதி பார்ப்பவர்களிடம் இந்த வேலைக்கு ஆதரவு கேட்டுப் போனதுண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்கெனச் செலவிட வேண்டும். எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கேட்டார்கள். ஒருவர் என்றேன். ஸ்மார்ட் வகுப்பறைக்குத் தொகை ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அலுவலகச் சாவியை ஒப்படைத்த வாரம் அந்தத் தலைவி என்னைக் கூப்பிட்டார். இதற்குள் நான் மேடத்திலிருந்து அக்காவாகியிருந்தேன். “பைப்புல தண்ணி வல்லீன்னு காத்தாலயே நாலு பேரு ஊட்டுக்கு வந்துட்டாங்கக்கா. நானு இப்பப் பிரசிடெண்ட்டு இல்லீங்கன்னு சொல்லி அனுப்பறதா?” என்றார்.

பழக்க தோஷத்தில், “நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“மறுபடியும் கேள்வியா?” என்று சிரித்தார். “டேங்க் ஆபரேட்டருக்குப் போனப் போட்டுட்டுத்தான் உங்களக் கூப்பட்டனுங்க்கா. வால்வு போயிருச்சாமா.”