மின் மலை சைக்கிளின் பின் ஹப்: காசு எங்கே போக வேண்டும்?

மிதிக்கட்டை அச்சருகே மோட்டார் உள்ள நடு மோட்டார் வண்டியில் பின் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுப்பகுதி, படும் பாடு அதிகம். 85 நியூட்டன் மீட்டரோ அதற்கு மேலோ இழுக்கும் மோட்டாரும் மிதிக்கும் காலும் சேர்ந்து, ஏற்றத்தில் பெரிய பல்சக்கரம் வழியாக பல்சக்கரங்களைத் தாங்கி ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஃப்ரீஹப்பின் மேல்தான் இறங்குகின்றன.

ஆகவே முதல் கேள்வி, ஃப்ரீஹப் உடல் எஃகா என்பது. அலுமினியம் என்றால் தனித்தனிப் பல்சக்கரங்கள் அதன் வரிகளைக் கடித்துப் பதிந்துவிடும். பிறகு பல்சக்கரத் தொகுப்பான கேசட்டைக் கழற்றுவதே போராட்டம். எஃகில் எடை கொஞ்சம் கூடும். மோட்டார் வண்டிக்கு அது பொருட்டே இல்லை.

ஃப்ரீஹப்பை ஹப்புடன் பிணைக்கும் பல் வளையம்தான் ராட்செட். 24 பல் ராட்செட் 15 டிகிரிக்கு ஒருமுறை பிடிக்கும். 54 பல் ஏறக்குறைய 6.7 டிகிரிக்கு. வேகமான பிடிப்பைத்தான் பலரும் புகழ்கிறார்கள். இந்த வேலைக்கு 24 பல்லே மேல்: பல் பெரிது, சுமை தாங்கும். டிடி ஸ்விஸ் 350 ஹைப்ரிட் அந்த வழிதான். பட்ஜெட் இடிக்கிறதா? எஃகு ஃப்ரீஹப் உள்ள ஷிமானோ கப்-கோன் ஹப் போதும்; இதில் கிண்ணத்துக்கும் (கப்) கூம்புக்கும் (கோன்) நடுவே குண்டுகள் உருளும். கோனில் ஆட்டம் வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும், விட்டால் கப் குழிந்து ஹப்பே வீண்.

சிறு நாக்குகளை ஸ்பிரிங் தள்ளிப் பல்லில் பிடிக்க வைக்கும் ஹப் வகையில் கெட்டி கிரீஸ் தடவவே கூடாது. நாக்கு ஒட்டிக்கொண்டு பாதிதான் எழும். அந்த நிலையில் மோட்டார் இழுத்தால் முனை சிதறும்.

வாங்குமுன் ஃபிரேமை அளந்துவிடுங்கள்: பூஸ்ட் எனும் அகலமான ஹப் அளவு என்றால் 148×12 மில்லிமீட்டர் (அகலம்×அச்சு விட்டம்). ஸ்போக் துளை 32க்குக் குறைய வேண்டாம்.