மூணு சென்ட்டில் ஒரு விளை

நாகர்கோவிலில் எங்கள் அலுவலகம் சின்னது. நான், கட்டடப் பொறியியல் படித்த ஒரு தங்கச்சி, முன்பு கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், இவ்வளவுதான் ஆள். சுற்றுச்சூழல் ஆலோசனை என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறோம். கல்யாண மண்டபம், தங்கும் விடுதி, பள்ளிக்கூடம் என்று போய் எவ்வளவு குப்பை விழுகிறது, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, தண்ணீர் எங்கே வீணாகிறது என்று அளந்து அறிக்கை எழுதிக் கொடுப்போம். சம்பளம் வருவது அதிலிருந்துதான். ஆனால் எனக்கு மனசு கிடப்பது தோட்ட வேலையில். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

தோட்டம் வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் போனில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எங்கோ ஒரு பெருநகரத்துக் கண்ணாடிக் கட்டடம், சுவர் முழுக்கச் செடி. "இதுமாதிரி நமக்கும் செய்யலாமா மேடம்?" நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: உங்க ஆச்சி வீட்டுப் பின்னாடி என்னெல்லாம் நின்னுது? உடனே போனை மேசையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கிணற்றடியில் ஏத்தன் வாழை, அதன் அடியில் சேம்பு, மதில் ஓரத்தில் காந்தாரி மிளகாய், கமுகில் ஏறிய நல்லமிளகு, அப்புறம் ஒரு பலா. பேச்சு நிற்காது.

வீட்டைச் சுற்றி இப்படி எல்லாம் கலந்து நிற்கிற தோட்டத்தை எங்கள் ஊரில் விளை என்போம். அந்த விளைதான் நம் ஊருக்கான வடிவமைப்பு என்பது என் உறுதியான எண்ணம். தென்னை மேலே வெயிலை வாங்கிக்கொள்ளும். அதற்குக் கீழே கமுகும் வாழையும். அவற்றின் நிழலில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, சேனை. உதிர்ந்த ஓலையும் வாழைச்சருகும் அங்கேயே மக்கி உரமாகும், பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. இரண்டு மழைக்கும் இடையே மண்ணை வெறுமனே விடாமல் மூடி வைக்கிற ஏற்பாடு அந்த விளையில் இருந்தது. இப்போது அது எங்கே? நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாடு ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்ததும் அந்த வயல்களுக்காகத்தான். இன்றைக்குப் பாசனச் சானல் கரையோடு நடந்தால் வயல் இருந்த இடங்களில் மனைக்கல் நட்டிருக்கிறது. பெரிய விளைகள் பாகப்பிரிவினையில் ஐந்து சென்ட், மூணு சென்ட் என்று துண்டாகி, வீடு போக மிஞ்சுவது மதிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடமும் மொட்டைமாடியும்தான். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனபிறகு இது இன்னும் வேகமாக நடக்கிறது.

கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில், நாங்கள் சொன்னதைக் கேட்காமல், வெளியூர் ஆட்களை வைத்துப் பச்சைச் சுவர் அமைத்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் அலங்காரச் செடிகள், சொட்டுநீருக்கு மோட்டார். ஆனி மாதம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று, அடிக்கத் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போய் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, கடல் உப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஒரு கையகல மண்ணில் நிற்கிற செடி என்ன செய்யும்? மோட்டார் பழுதான வாரத்திலேயே சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டது. அந்த விடுதித் தோட்டக்காரர் ஒவ்வொரு பையாகப் பிடுங்கி மூட்டை கட்டுவதைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அத்தனையும் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.

சரி, மொட்டைமாடிக்கு வருவோம். அங்கே முதல் பேச்சு பாரம். வடசேரிப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாடியில் ஒரு அடி உயரத்துக்கு மண் நிரப்பிப் பாத்தி கட்ட வேண்டும் என்றார். "மண்ணுதானே, என்ன பெரிய பாரம் வந்துரப்போவுது?" எங்கள் தங்கச்சி ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டாள். ஈரமண் ஒரு கன மீட்டர் சுமார் 1,700 கிலோ. ஒரு அடி ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொட்டுவிடும். ஆட்கள் நடமாடுகிற வீட்டுக் கூரைக்கு நம் நாட்டுக் கட்டடத் தரக்குறியீட்டில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். சார் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவள் பீம் எங்கெங்கே ஓடுகிறது, கீழே சுவர் எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு இழுத்தாள். அந்தக் கோட்டின் மேல்தான் பெரிய தொட்டி. நடுத்தளத்தில் கீரைத்தட்டு மட்டும், அதுவும் செங்கல் மேல் ஏற்றி வைத்து, அடியில் தண்ணீர் ஓட வழிவிட்டு. எங்களிடம் யார் மாடித்தோட்டம் கேட்டாலும் இந்தச் சாக்பீஸ் கோடு இல்லாமல் ஒரு சட்டி மண்கூட மேலே ஏறாது.

மண்ணுக்குப் பதில் என்ன என்றால், நம் ஊரில் கதம்பலுக்கு, அதாவது தேங்காய் மட்டைக்கு, பஞ்சமா? நார் எடுத்தபின் மிஞ்சும் அந்தப் பழுப்புத் தூள், தென்னை நார்க்கழிவு, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். நனைந்தாலும் மண்ணைவிட லேசு. ஆனால் அதை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. காயல் தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பலாக இருந்தால் உப்பு நிறைய இருக்கும், செடியின் இலை நுனி கருகிப்போகும். நாங்கள் சிமெண்ட் தொட்டியில் போட்டு நல்ல தண்ணீர் விட்டு, வடித்து, மறுபடி விட்டு, டீ நிறத்தில் வருகிற தண்ணீர் வெளுக்கும்வரை கழுவுவோம். கழுவிய தண்ணீரில் மீட்டரை வைத்து உப்பையும் பார்த்துவிடுவோம். பிறகு சாணம், மக்கிய இலை, கொஞ்சம் செம்மண் கலந்து ஆறப்போட வேண்டும். நார்க்கழிவு மக்குவதற்குத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மக்காமல் போட்டால் செடிக்குப் போகவேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். கடையில் செங்கல் மாதிரி அழுத்தி விற்கும் கட்டியை வாங்குகிறவர்களும் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

வாத்தியார் மாடியில் இப்போது கிழக்கு ஓரம் கருவேப்பிலை, வழுதலங்காய் (கத்தரி), வெண்டை. மேல்காற்று படாத மூலையில் புதர் மிளகு. இதைப் பலருக்குச் சொல்ல வேண்டும்: நல்லமிளகுக் கொடியில் காய்க்கிற பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது ஏறாது, புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். மரம் இல்லாத வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கீழே மதிலோரத்து முழ இடத்தில் சேனை நட்டது வாத்தியாரின் அம்மா. நாங்கள் வெட்டி வைத்த துண்டுகளைப் பார்த்துவிட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "மக்ளே, முளை எல்லாத் துண்டுலயும் கொஞ்சம் வரணும் கேட்டியா. இல்லன்னா அது சும்மா கெடந்து அழுவிப்போவும்." அவரே உட்கார்ந்து கத்தியை முளையின் நடுவில் வைத்து, கேக் வெட்டுவது மாதிரி, ஒவ்வொரு துண்டிலும் முளையில் ஒரு பங்கு வரும்படி இறக்கினார். வெட்டுவாயைச் சாணிப்பாலில் முக்கி, சாம்பல் தூவி, நிழலில் காயவைத்து, முளை மேலே பார்க்கக் குழியில் வைத்து, மேலே சருகு மூடினார். எங்கள் அறிக்கைகளில் நடவு முறை என்ற பகுதியை அன்றுமுதல் அவர் சொன்னபடிதான் எழுதுகிறோம்.

போர்டு எழுதுகிற அண்ணனின் கை தெரிகிற வேலை ஒன்று கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. கடலுக்குப் போக முடியாமல் கரையில் ஓட்டையாகிக் கிடந்த ஒரு பைபர் வள்ளத்தை (படகை) அந்த ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். சின்னப்பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து பாத்தியாக்கினோம். அடியில் துளைபோடும்போது பறக்கிற கண்ணாடி நார்த்தூள் மூச்சில் போகக்கூடாது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாஸ்க் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைத்து, ஓரங்களைப் பிசின் பூசி வழவழப்பாக்கினோம். கடல் பக்கம் முடைந்த ஓலையால் ஒரு தடுப்பு. உள்ளே பீட்ரூட்டும் பசலையும்; இரண்டும் உப்பைத் தாங்கும். வெளிப்பக்கம் பிள்ளைகள் சொல்லச் சொல்ல அண்ணன் சாளை, அயிலை, நெத்திலி எல்லாம் வரைந்தார். நெத்திலி சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாப்பா நின்று சண்டை பிடித்ததால், வரைந்ததை அழித்து மறுபடி வரைய வேண்டியிருந்தது. அந்த வள்ளத்தின் சொந்தக்காரர் அவ்வப்போது வந்து கீரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறார்.

பழைய வலைகளும் இப்படித்தான். பாவக்காய்க்கும் புடலங்காய்க்கும் பந்தல் போட நைலான் வலையைவிட உறுதியானது கிடையாது, கரையில் போட்டு எரிக்கிற வலையும் குறையும். ஆனால் கண் பெரிய வலையாகத்தான் எடுக்க வேண்டும், தரையிலிருந்து ஒரு முழம் மேலேதான் கட்ட வேண்டும். சின்னக் கண்ணுள்ள வலை தரையில் கிடந்தால் சாரைப்பாம்பும் ஓணானும் மாட்டிச் சாகும். எலியைப் பிடிக்கிற சாரையைக் கொல்லுகிற தோட்டம் எனக்கு வேண்டாம்.

மீன்கழிவுக்குச் சம எடை வெல்லம் போட்டு மூடிவைத்து எடுக்கிற மீன் அமிலம் என்ற திரவ உரம் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நான் விரிவாகச் சொல்லவில்லை. நன்றாகத் தண்ணீர் கலந்துதான் தெளிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் செடிப்பைகள் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். செடிப்பை அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், நம் வெயிலில் மட்டமான பை சீக்கிரமே நூல்நூலாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடுகிறது. மாடியில் துடைப்பத்தால் கூட்டினால் நீல நூல் வரும். உடைந்த சிமெண்ட் தொட்டி, பெயிண்ட் வாளி, மரப்பெட்டி, மண்சட்டி என்று வீட்டில் கிடப்பதை முதலில் பாருங்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால் கனமானதாக, நாலைந்து வருஷம் தாங்குகிறதாக வாங்குங்கள்.

ஆடி கழிந்து மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. சிறுகிழங்கு நட இது நேரம். இப்போது செடியின் தலைப்பை, அதாவது நுனித்தண்டை, கிள்ளி நட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். ஒரு அகலமான தொட்டியும் அரைநாள் வெயிலும் போதும். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பாத்தி முழுக்கத் தலைப்பு கிடக்கிறது, காசு வேண்டாம். ஈரச்சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சாயங்காலமாக வாருங்கள், வெயிலில் கொண்டுபோனால் வாடிவிடும்.