லிட்டருக்கு 27 காசு

சென்னை தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த 2019 ஜூன் மாதக் கணக்கு நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொளத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். அப்போது நான்தான் பொருளாளர். அந்த ஒரு மாதத்தில் 26 லாரித் தண்ணீர் வாங்கினோம். லாரிக்கு 12,000 லிட்டர், 4,800 ரூபாய். வீட்டுக்கு 5,200 ரூபாய் வசூலித்தேன். இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் பெரியவர், ஓய்வூதியம் வந்த அன்றே பணத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த மாதமும் இவ்வளவு வருமா அம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

அடுத்த ஆண்டு நவம்பரில் சென்னைக்காகக் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தைத் திறந்தார்கள். செலவு 380 கோடி ரூபாய் என்றதும் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் மலைத்துப்போனார்கள். நான் நோட்டைத் திறந்தேன். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். ஒருமுறை நிரம்பினால் 1,415 கோடி லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 27 காசு. நாங்கள் லாரிக்குக் கொடுத்தது 40 காசு. ஆவியாவது, சுத்திகரிப்பு, குழாய்ச் செலவு எல்லாம் தனி என்பது உண்மைதான். ஆனால் ஏரி ஒருமுறை நிரம்புவதோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை நிரப்புவதுதான் திட்டம்.

அதன் பிறகு நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகப் போனேன். இரண்டு பழைய ஏரிகளையும் நடுவே இருந்த நிலத்தையும் சேர்த்துக் கரை கட்டியிருக்கிறார்கள். கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி என்னைப் பார்த்ததும், "யாரைத் தேடுகிறாய் அம்மா?" என்றார். ஏரியைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் கையிலிருந்த குச்சியைத் தண்ணீரை நோக்கி நீட்டினார். "அதோ, கொக்கு உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு நேராக இருக்கிறது எங்கள் வேர்க்கடலைக் கொல்லை." இருந்தது என்று சொல்லவில்லை. பணம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டார்கள், நிலம் மாதிரி அது நிற்கவில்லை என்றார்.

என் 27 காசில் அந்தக் கொல்லையும் அடக்கம். 2013-இல் தொடங்கிய வேலை இவ்வளவு காலம் நீண்டதற்கு நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட இழுபறி ஒரு முக்கியக் காரணம். புதிய ஏரியோ பழைய ஏரியின் விரிவாக்கமோ, கரைக்கு ஒரு லோடு மண் அடிப்பதற்கு முன்பே நிலக்காரர்களின் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். அதற்காகத் தண்ணீர் வரியை உயர்த்தினால் நான் மனமாரக் கட்டுவேன்.

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி அதற்காகப் போராடினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பணம் ஒதுக்கிக் கட்டினார்கள். 1944-இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை; முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு சென்னைக்கென்று ஒரு புதிய நீர்த்தேக்கம் வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நகரம் எவ்வளவு பெருத்துவிட்டது!

இருப்பதைப் பெரிதாக்குவது மலிவு என்பார்கள். ஏரி தட்டு மாதிரி. மேலே போகப் போக அகலம். அதனால் மேலே உயர்த்தும் ஒவ்வோர் அடியும் அடியாழத்து அடியைவிட நிறையக் கொள்ளும். ஆனால் அந்த ஓர் அடிக்குத் தண்ணீர் இன்னும் பல கொல்லைகளுக்குள் பரவும். தூர் வாரினால் யாருடைய நிலமும் போகாது. வாரிய மண்ணை விற்றால் செலவில் ஒரு பங்காவது திரும்பி வரும். செம்பரம்பாக்கத்திலும் சோழவரத்திலும் முதலில் இதைத்தான் முழுமூச்சாகச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னைக்குக் குடிநீர் தர ஆந்திரத்துடன் செய்த கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் 1983-இல் போட்டது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) வர வேண்டும் என்பது அதன் கணக்கு. வரும்போது வாங்கி வைக்க இடம் வேண்டாமா?

இப்போதெல்லாம் காலையில் நாளிதழ் வந்ததும் ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், பிறகு கண்ணன்கோட்டை. அந்தக் கடைசி எண் ஏறியிருந்தால், பாட்டியின் கொல்லை மேல் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று நினைத்துக்கொண்டே குழாயைத் திறக்கிறேன்.