பொற்கோயிலுக்கு எதிரே ஒரு தக்த்

அமிர்தசரஸ் போகிறவர்கள் பொற்கோயிலைத் தரிசித்து, லங்கர் என்ற பொதுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேர் எதிரே நிற்கும் அகால் தக்த்தை, அதாவது சீக்கியர்களின் உயர்ந்த அதிகார பீடத்தை, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. சீக்கியர்களைப் புரிந்துகொள்ள, அங்கே அரைமணி நேரமாவது உட்கார வேண்டும் என்பேன்.

1606-இல் தந்தை குரு அர்ஜன் லாகூரில் உயிர்த்தியாகம் செய்தபின், குரு ஹர்கோபிந்த் இரண்டு வாள்களைத் தரித்து இதை நிறுவினார். மீரி, பீரி: ஆட்சிக்கு ஒன்று, ஆன்மிகத்துக்கு ஒன்று. வாசலருகே இரண்டு கொடிமரங்கள் ஜோடியாக நிற்கின்றன. உற்றுப் பாருங்கள், பீரிக்கு உரியது சற்றே உயரம்!

மாலையில் உள்ளே பழைய வாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னாருடையது என்று சொல்லிக் காட்டுகிறார் சேவாதார் என்ற கோயில் தொண்டர். கூட்டம் கைகூப்பி நிற்கிறது. ஆயுதத்தை வணங்குவது ஆயுதபூஜை கண்ட நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அந்த வாள்களுக்குப் பின்னால் ஓர் அரசியல் ஏற்பாடே இருந்தது.

18-ஆம் நூற்றாண்டில் சீக்கியர்களுக்கு ராஜா கிடையாது. மிசல் என்ற குதிரைப்படைக் குழுக்கள், மொத்தம் 12 என்பது வழக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்தார், தனி நிலப்பகுதி. கிராமங்களைக் காப்பதற்கு விளைச்சலில் ஒரு பங்கை 'ராக்கி' என்று வாங்கினார்கள். தங்களுக்குள் அடித்துக்கொள்ளவும் தயங்கவில்லை. ஆனால் பைசாகிக்கும் தீபாவளிக்கும் இங்கே கூடி, புனித நூலான கிரந்த சாகிபின் முன் அமர்ந்துவிட்டால் பெரிய சர்தார், சின்ன சர்தார் பேதம் இல்லை. எடுக்கும் முடிவுக்கு குர்மதா என்று பெயர். குருவின் வாக்காகவே அதை மதித்தார்கள். 1748-இல் மிசல்களைச் சேர்த்து தல் கால்சா என்ற பொதுப்படை அமைந்ததும், ஜஸ்ஸா சிங் அலுவாலியா தலைமை ஏற்றதும் இப்படிக் கூடித்தான். 1762-இல் ஆப்கான் மன்னர் அகமது ஷா அப்தாலி கோயிலை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். அந்த வருடத் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் கூடத்தான் செய்தார்கள்.

ரஞ்சித் சிங் மகாராஜா ஆனபின் இந்தக் கூட்டங்கள் நின்றுபோயின. அவருக்கு அவை தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் தக்த்துக்கு அவர் கட்டுப்பட்டவர்தான். நடத்தை தவறினார் என்று தக்த்தின் தலைவர் அகாலி பூலா சிங் அவரை இங்கே வரவழைத்துக் கசையடி விதித்தார் என்றும், மகாராஜா முதுகைக் காட்டி நின்றார் என்றும், கூடியிருந்தவர்கள் மனமிரங்கி விட்டுவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.