மார்க்கர் இல்லாமல் ஸ்கைரிம்: மூன்றாவது வாரம்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் ஒருவழியாக ஐவர்ஸ்டெட் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். ரிவர்வுட்டில் கிளம்பியதிலிருந்து நிஜ நாள் கணக்கில் ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம்தான் ஆட முடிகிறது என்றாலும், முன்பெல்லாம் இந்தத் தூரத்தை ஒரே மாலையில் கடந்திருக்கிறேன்.

2011 நவம்பரில் வந்த ஆட்டம் இது. இரண்டு முறை முழுசாக முடித்திருக்கிறேன். ஆனால் வைட்ரன் நகரிலிருந்து ஐவர்ஸ்டெட் போகும் வழி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மனதில் ஒன்றுமே வரவில்லை. அத்தனை நாளும் திரையின் மேலே இருக்கும் காம்பஸில், போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் அம்புக்குறியை மட்டுமே பார்த்து நடந்திருக்கிறேன். அது எனக்கு உறுத்தியது. அதனால்தான் மூன்றாம் முறை இந்தக் கட்டுப்பாடுகள்.

சர்வைவல் மோட் கட்டாயம். அதில் பசி எடுத்தால் ஸ்டாமினா (உடல் தெம்பு) குறையும், குளிர் ஏறினால் ஹெல்த் (உயிர்) குறையும், தூக்கம் கெட்டால் மாஜிக்கா (மந்திர சக்தி) குறையும். நடக்காமல் நேரே வேறு இடத்துக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவல் தானாகவே கிடையாது. அதற்கு மேல் நானாகச் சேர்த்தவை: மேப்பைத் திறக்கக் கூடாது, காம்பஸ் கூடாது, வேலைப் பட்டியலான ஜர்னலில் எந்தக் குவெஸ்ட்டையும் (வேலையையும்) ஆக்டிவ் ஆக்கக் கூடாது. கட்டிலில் படுத்துத் தூங்கினால் மட்டுமே சேவ். என் கேரக்டர் ஒரு சாதாரண வேட்டைக்காரன். ஆட்டத்தின் முக்கியக் கதையான டிராகன் கதை அவனுக்கு வேண்டாம். வைட்ரனை ஆளும் யார்லிடம் போய் டிராகன் வந்த செய்தியைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கதை நகராது, வழியில் டிராகன்களும் வராது. வானம் அமைதியாக இருக்கும்.

காம்பஸ் போனதும் முதலில் கண்ணில் பட்டவை கைகாட்டி மரங்கள். சாலை பிரியும் இடங்களில் ஊர்ப் பெயர் எழுதிய பலகைகள் இருக்கின்றன. இத்தனை வருஷம் அவற்றை வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். இப்போது பலகையைப் படித்து, ஒரு நோட்டில் பென்சிலால் வழியை வரைந்துகொள்கிறேன். வெள்ளை ஆறு வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த மலை எந்தத் திசையில், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு குறை மட்டும் உண்மையாகவே இருக்கிறது. இதே தொடரில் 2002இல் வந்த மாரோவிண்ட் ஆட்டத்தில் ஆட்கள் வாயாலேயே வழி சொல்வார்கள். இங்கே பல பேர் இடத்தின் பெயரைச் சொல்வதோடு சரி, மீதியை மார்க்கர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட வேலைகளை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

வழியில் வால்தைம் டவர்ஸ் என்ற கோபுரங்களில் ஒரு கொள்ளைக்காரி வழியை மறித்து 200 பொற்காசு கேட்டாள். என்னிடம் இருந்தது 31. சண்டை போட்டால் செத்துப்போவேன், செத்தால் கடைசியாகத் தூங்கிய கட்டிலுக்குப் பிறகு செய்ததெல்லாம் போய்விடும். சரி, திரும்பி ரிவர்வுட்டுக்கே நடந்தேன். அங்கே விறகு பிளந்து, மர ஆலை நடத்தும் ஹாடிடம் விற்றேன். ஒரு விறகுக்கு 5 பொற்காசு, எடையும் 5. சர்வைவல் மோடில் சுமக்கும் அளவும் குறைவு என்பதால் பல நடை ஆனது. மூன்று மாலை இதிலேயே போனது, ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த மாலைகள் அவைதான். ஆட்டத்தில் ஒரு மணி நேரம் என்பது நமக்கு 3 நிமிடம். பகலில் விறகு, இருட்டியதும் விடுதியில் சூடான சூப், அப்புறம் தூக்கம். காசு சேர்ந்ததும் திரும்பிப் போய், கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கடந்தேன்.

ஐவர்ஸ்டெட்டில் கிளிம்மெக் என்பவர் மலை மேலே ஹை ஹ்ராத்கார் என்ற மடத்துக்கு ஒரு மூட்டை கொண்டுபோகச் சொன்னார். ஏழாயிரம் படி. வழி கேட்க வேண்டியதில்லை, படியைப் பிடித்தால் போதும். ஆர்வத்தில் மாலையிலேயே ஏறிவிட்டேன். அது பெரிய தப்பு. இரவில் குளிர் கடுமையாகும். தீப்பந்தம் கையில் இருந்தால் கொஞ்சம் கதகதப்பு, ஆனால் ஒரு பந்தம் 4 நிமிடம்தான் எரியும். என்னிடம் இருந்தது மூன்று. மூன்றாவதும் அணைந்தபோது ஹெல்த் கோட்டில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. பனி முகத்தில் அடித்தது, எதிரே படி தெரியவில்லை. பாறைமேல் இருந்து பனி ட்ரோல் என்ற ராட்சத மிருகம் குதித்ததைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். அது அடித்த இரண்டே அடியில் செத்துப்போனேன்.

விடுதிக் கட்டிலில் கண் விழித்ததும் இந்த முறை அவசரப்படவில்லை. ஆறு பந்தம், நாலு கிண்ணம் சூப் வாங்கினேன். விடிந்ததும் கிளம்பினேன். வழியில் இருக்கும் கல்வெட்டுப் பலகைகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படித்தேன். முன்பு இரண்டு முறையும் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ட்ரோல் அதே இடத்தில் இருந்தது. ஹெல்த் முழுசாக இருந்ததால் ஒரு அடி வாங்கியும் ஓடித் தப்பிக்க முடிந்தது. மேலே வாசலில் இருந்த பெட்டியில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கீழே நான் நடந்த ஆறு எங்கே இருக்கும் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

இன்னும் இறங்கவில்லை. இறங்கியதும் கிளிம்மெக்கிடம் கூலி வாங்கி, மயிர்த்தோல் பூட்ஸ் ஒன்று வாங்க வேண்டும். அடுத்து வின்ட்ஹெல்ம் நகரம். அது இன்னும் வடக்கே, இதைவிடக் குளிர். ஆற்றைப் பிடித்தே போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.