ஒரு டாலர் தகராறு

ஜூன் 28, 2025, சனி

மளிகை வாங்க ஹோம்ஸ்டெட் போனோம். கடை வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணிக்கொண்டு வந்த மகள் 80-ஐத் தாண்டியதும் சலித்துப்போய், ஆற்றோரம் வரிசையாக நிற்கும் செங்கல் புகைபோக்கிகளை எண்ணினாள். 12. “எதுக்குப்பா சும்மா நிக்குது?” என்றாள். இங்கே இரும்பு ஆலை இருந்தது, 1986-இல் மூடிவிட்டார்கள் என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. பிட்ஸ்பர்க் வந்து ஆறு வருஷம், இந்த மண்ணில் வெங்காயமும் தயிரும் வாங்கினதுதான் மிச்சம்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று ராத்திரியாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஆலை எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியுடையது. 1892 ஜூன் கடைசியில் தொழிலாளிகளின் சங்கத்தோடு போட்ட கூலி ஒப்பந்தம் முடிகிறது. எஃகு விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் டன்னுக்கு 25 டாலருக்குக் கீழே விலை போனாலும் கூலி அதற்கு மேல் இறங்காது. அந்த அடிமட்டத்தை 22 ஆக்கணும் என்றார் நிர்வாகி ஹென்றி ஃப்ரிக். பேசிப் பேசி அவர் 23-க்கு வந்தார், சங்கம் 24-க்கு வந்தது. நடுவில் நின்றது ஒரே ஒரு டாலர்.

ஒரு டாலருக்கா இத்தனை என்று முதலில் தோன்றியது. ஆனால் ஃப்ரிக் பேச்சுவார்த்தை நடந்த நாட்களிலேயே ஆலையைச் சுற்றி உயரமான பலகை வேலி அடித்து, மேலே முள்கம்பி போட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் அதற்கு ‘ஃப்ரிக் கோட்டை’ என்று பேர் வைத்தார்கள். டாலருக்காகப் பேரம் பேசுகிறவன் முள்கம்பி வாங்க மாட்டான். அவருக்குச் சங்கமே இருக்கக் கூடாது.

கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில். அடுத்தவன் வேலையைப் பறிக்காதே என்பது நல்ல தொழிலாளிகளின் எழுதாத சட்டம் என்று 1886-இல் பத்திரிகையில் எழுதியவர் அவர்தான். எழுதினது எழுதினபடி இருக்க, மனுஷன் ஊரில் இல்லை.

ஜூலை 2, புதன்

1890-இல் இதே தேதியில்தான் ஷெர்மன் சட்டம் கையெழுத்தானது. ஒரு தொழிலையே வளைத்துப் போடும் ‘டிரஸ்ட்’களுக்கு எதிரான சட்டம். செனட்டில் 51-க்கு 1. கீழவையில் 242-க்கு 0. கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லாமல் ஒரு சட்டம் நிறைவேறினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாருக்கும் அது வலிக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

ஐந்து வருஷம் கழித்து நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் 98 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனி மேல் வழக்கு. உற்பத்தி வேறு, வணிகம் வேறு, சட்டம் வணிகத்துக்குத்தான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. அதற்கு முந்தின வருஷம் புல்மேன் ரயில் பெட்டிக் கம்பெனி வேலைநிறுத்தத்தில், ரயில் தொழிலாளிகள் வணிகத்தைத் தடுக்கிறார்கள் என்று இதே சட்டத்தையும் காட்டித் தடையுத்தரவு வாங்கினார்கள்; தலைவர் யூஜின் டெப்ஸ் உள்ளே போனார். அதை வாங்கிய அரசின் தலைமை வக்கீல், அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி, பதவிக்கு வரும் முன் ரயில் கம்பெனிகளின் வக்கீல். வலையை விரித்தது திமிங்கலத்துக்கு, சிக்கியது மத்தி மீன்.

ஜூலை 6, ஞாயிறு

ஹோம்ஸ்டெட் சண்டை நடந்து இன்றோடு 133 வருஷம் ஆகிறது. காலையில் தனியாகப் போனேன். வளாகத்தின் கோடியில், சைக்கிள் பாதையை ஒட்டி, பழைய பம்ப் ஹவுஸ் கட்டடம் மட்டும் நிற்கிறது. கீழே மொனோங்கஹேலா, பால் குறைந்த டீ நிறத்தில்.

இந்தக் கரையில்தான், பேச்சு முறிந்ததும் ஃப்ரிக் வரவழைத்த 300 பிங்கர்ட்டன் ஆட்கள் இரண்டு படகுகளில், விடியும் முன் வந்து இறங்கப் பார்த்தார்கள். கூலிக்குத் துப்பாக்கி பிடிக்கும் தனியார் படை. சங்கு ஊதி ஊரே ஆற்றங்கரைக்கு ஓடி வந்தது, பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து. பகல் முழுக்கச் சுட்டுக்கொண்டார்கள். படகுகளைக் கொளுத்த எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், டைனமைட் வீசினார்கள், பழைய பீரங்கி ஒன்றையும் வெடித்தார்கள். சாயங்காலம் பிங்கர்ட்டன் ஆட்கள் சரணடைந்து மேலே வந்தபோது, இரண்டு பக்கமும் நின்று அடித்தே துவைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் தொழிலாளிகளில் ஏழு பேர், பிங்கர்ட்டன் பக்கம் மூன்று பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

ஜெயித்தது ஆறு நாள்தான். 12-ஆம் தேதி எட்டாயிரத்துக்கு மேல் மாநிலப் படை வந்து இறங்கியது. அனுப்பிய ஆளுநர் பேட்டிசன் ஜனநாயகக் கட்சி, முதலாளிகளின் கட்சி என்று பேரெடுத்த குடியரசுக் கட்சி இல்லை. நவம்பரில் சங்கம் கைவிட்டது. இந்த ஆலைகளில் சங்கத்தோடு கையெழுத்துப் போட 1937 வரை ஆனது.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்தவர்களுக்கு கார்னெகி 1898-இல் மேட்டின் மேலே நூலகம் கட்டிக் கொடுத்தார். அழகான கட்டடம், என் மகளுக்கு அங்கே கார்டு உண்டு. எப்போது போய்ப் படித்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

ஜூலை 9, புதன்

இன்று படித்ததில் ஒரு கடிதம் மனசை விட்டுப் போகவில்லை. அதே 1892 நவம்பரில் அதிபர் தேர்தல். இறக்குமதி வரி போட்டுத் தொழிலைக் காத்தால் கூலி உயரும் என்று சொன்ன அப்போதைய அதிபர் ஹாரிசன் தோற்றார். ஹோம்ஸ்டெட்டைக் காட்டியே எதிர்க்கட்சி அவரைக் கேலி செய்திருந்தது. ஃப்ரிக் கார்னெகிக்கு எழுதுகிறார்: ஹாரிசனை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் ஆட்சி மாறுவதால் நமக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. கார்னெகியும் பயப்பட ஒன்றுமில்லை என்றே பதில் போட்டார்.

சரி, யார் வந்தாலும் ஒன்றுதான் என்றால் 1896 தேர்தலில் முதலாளிகள் ஏன் அப்படிப் பணத்தைக் கொட்டினார்கள்?

ஜூலை 10, வியாழன்

ஆபீஸில் மீட்டிங் நடுவே விடை கிடைத்தது (கேமரா அணைத்திருந்தேன்). பிரையன்!

விவசாயிக்கு விளைபொருள் விலை வருஷா வருஷம் சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. உதாரணத்துக்கு, நூறு மூட்டை கோதுமை விலைக்குச் சமமாக வாங்கின கடனை அடைக்க நூற்றைம்பது மூட்டை விற்கணும். தங்கத்தோடு வெள்ளியையும் 16-க்கு 1 கணக்கில் தாராளமாக நாணயமாக்கு, பணம் பெருகட்டும், கடன் லேசாகட்டும் என்றார் 1896-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். கடன் கொடுத்தவனுக்கு அது வயிற்றில் அடி. முதல் தடவையாக வாக்குச்சீட்டு நேராகப் பெட்டகத்தைத் தொட்டது.

எதிரே நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லிக்காக மார்க் ஹன்னா வசூலில் இறங்கினார். க்ளீவ்லாந்தின் நிலக்கரி, இரும்பு வியாபாரி. ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனி முதலாளி ராக்ஃபெல்லரோடு ஒரே பள்ளியில் படித்தவர். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி, வங்கிகளுக்கு மூலதனத்தில் கால் சதவீதம் என்று விதித்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் 2,50,000 டாலர், வங்கி முதலாளி மார்கன் 2,50,000. மொத்தம் சுமார் 35 லட்சம். பிரையனிடம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ரயிலில் 18,000 மைல் அலைந்து தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

ஜூலை 12, சனி

கேன்டன், ஒஹாயோ. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கார் ஓட்டம். மெக்கின்லி நினைவிடத்துக்கு 108 படி. “மலைக்கோயில் மாதிரி இருக்கு, செருப்பைக் கழட்டவா?” என்றாள் மனைவி.

பிரையன் ஊர் ஊராக அலைந்தபோது மெக்கின்லி வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சுமார் ஏழரை லட்சம் பேர் அவரைத் தேடி வந்தார்கள். புல்தரை புழுதியானது, வேலியை ஞாபகார்த்தமாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள். ஹோம்ஸ்டெட் வேலி ஞாபகம் வந்தது. வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் நூலகம்.

ஜெயித்த மெக்கின்லி, 1897-இல் செனட்டர் ஜான் ஷெர்மனை வெளியுறவு அமைச்சராக்கினார். டிரஸ்ட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பேர் கொடுத்த அதே ஷெர்மன். காலியான நாற்காலியில் ஹன்னா போய் உட்கார்ந்தார். செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1913-இல்தான் வந்தது, ஆளுநர் நியமித்ததே போதும், மக்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது மனைவி கேட்டாள்: “அத்தனை லட்சம் பேருக்கு டிக்கெட் காசு யாரு குடுத்தா?” ரயில் கம்பெனிகள் கட்டணத்தைத் தாராளமாகக் குறைத்திருந்தன. வீட்டில் சும்மா இருப்பதைவிட கேன்டன் போய் வருவது மலிவு என்று அப்போதே ஒரு க்ளீவ்லாந்து பத்திரிகை கிண்டலடித்திருக்கிறது. எங்களுக்குப் பெட்ரோலுக்கே முப்பது டாலர் ஆச்சு.